வில்லின் முடியைக் கொளுத்திப் பார்த்த அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். புகழ்ந்தால் அம்மாவே நம்பமாட்டார், "என்ன காரியம் ஆகணும்?" என்றுதான் கேட்பார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

சுங்கை பாக்காப் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அம்மா. சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, தம்பிகளைப் படிக்கவைத்து, மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்று உழைத்துக் கால் வீங்கியவர். பட்ட பாட்டில் யார் சொல்லையும் லேசில் நம்பமாட்டார். மீன்காரரின் தராசு, சொந்தக்காரர்களின் கண்ணீர், ரேடியோ சொல்லும் மழை, எல்லாமே அவருக்குச் சந்தேகம்தான்.

அப்படிப்பட்டவரோடு, ஜார்ஜ் டவுனில் என் இசை டீச்சர் சொன்ன கடைக்கு வயலின் வாங்கப் போனேன். அப்போது எனக்குப் பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் கொடுத்திருந்த இரவல் வயலினைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். சொந்தமாக ஒன்று இல்லையென்றால் இசைக்குழுவில் எனக்கு இடமில்லை. அம்மா நம்பாமல் எழுந்து வந்துவிட்டால் என் வாசிப்பு அன்றோடு சரி.

கடைக்காரர் நம்ம ஆள், தமிழர். அதுவே அம்மாவுக்கு முதல் சந்தேகம். "டீச்சர் அனுப்பினாங்களா அக்கா?" என்று அவர் சிரித்ததும் அடுத்தது வந்துவிட்டது.

"டீச்சருக்கு இதுல கமிஷன் உண்டா தம்பி?"

"ஐயோ அக்கா, அதெல்லாம் இல்ல லா!"

"இல்லன்னா ஏன் இப்படிப் பதறுறீங்க?"

பாவம், அவர் பேச்சை மாற்றி வயலின் வாசிக்கும் வில் ஒன்றை நீட்டினார். அதில் கட்டியிருப்பது அசல் குதிரை வால் முடி என்றார். அம்மா வெடுக்கென்று ஒரு முடியைப் பிடுங்கி, கைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்திவிட்டார். பட்டுச் சேலை வாங்கும்போது ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பாரே, அதே பழக்கம். கடையெல்லாம் கருகிய நாற்றம். எனக்கு மானமே போயிற்று.

"அக்கா! இது என்ன சேலையா?"

"முடிதான். நைலான் இல்ல," என்றார் அம்மா, திருப்தியாக.

பளபளப்பான புது வயலின் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். என் கண்ணும் அதில்தான் இருந்தது. ஆனால் வாசித்துப் பார்த்தபோது, ஓரத்தில் கீறல் விழுந்த, மங்கலான இன்னொன்றுதான் நன்றாகப் பேசியது. அம்மா சோதித்த வில்லோ என் கைக்குக் கனத்தது. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா? டீச்சரா?"

"இல்லம்மா."

"இவரு கண்ணக் காட்டுனாரா?"

"இல்லம்மா. என் காதுக்கு இதுதான் நல்லா இருக்கு. வில்லு மட்டும் வேற வேணும்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைத் திறந்தார்.

"இவ கேக்குறதக் குடுங்க தம்பி. இவ எங்கிட்ட பொய் சொல்லமாட்டா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிடுங்கிய முடிக்குக் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ஃபெரியில் கடல் தாண்டித் திரும்பும் வழியெல்லாம் அம்மா யோசித்தார். வயலினை மாற்றி வைத்துவிட்டாரோ என்று இரண்டு தடவை பெட்டியைத் திறந்தும் பார்த்தார்.

அம்மா நோயில் விழுந்தபோது, அவருடைய சந்தேகப் பார்வையையெல்லாம் பொறுத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர் சொல்லிக் கொடுத்த தாதியருக்கும், கடைசிவரை தோள் கொடுத்த மாமாக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இத்தனை பேர் வந்து அழுதீர்கள். அம்மா நம்பியிருக்கமாட்டார், நான் நம்புகிறேன்.

கடைசி வாரத்தில் மருத்துவமனையில் எல்லாரும் "சரியாயிடும் லா" என்றுதான் சொன்னார்கள். அம்மா ஒருவரையும் நம்பவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ சொல்லு. நான் வீட்டுக்கு வருவேனா?"

சொல்லாதே என்று மாமாக்கள் பின்னாலிருந்து சைகை காட்டினார்கள்.

"வரமாட்டீங்கம்மா," என்றேன்.

"சரி," என்றார் அம்மா. வேறு எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார்.