சுத்தியலை நிறுத்தாதே என்ற டாக்டரம்மா

போன வியாழக்கிழமை நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சர்ச்சில் மணியடிக்கும் தேவதாஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் அச்சடித்த துண்டுக் காகிதம். டாக்டர் சுகிர்தம் அம்மையார் பெங்களூரில் தங்கை வீட்டில் நித்திரை அடைந்தார்கள், அடக்கம் நாளை மாலை நம் ஊரில் என்று அதில் இருந்தது. பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணீர் ஒரு பக்கம் வர, பாவி மனசுக்கு இன்னொரு பக்கம் சிரிப்பும் வந்தது. அந்தக் காகிதத்தை டாக்டரம்மாவிடமே கொடுத்திருந்தால், "நித்திரையா? யார் பார்த்தது? தூங்குமுன்னே என்ன சாப்பிட்டாங்க?" என்று தேவதாஸை நிற்கவைத்துக் குடைந்திருப்பார்கள்.

கேள்வி கேட்பது அவர்களுக்கு ஒரு வியாதி. அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தங்கவயலுக்கு வந்தவர்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பது அவர்கள் வேலை. அதோடு உயிர் ஊசலாடும் நோயாளிகள் கிடக்கும் அறையும் அவர்கள் பொறுப்பில் இருந்தது. அந்த அறையை ஊரில் எல்லோரும் சீரியஸ் வார்டு என்பார்கள். எங்கள் பேச்சு அவர்களுக்குப் பிடிபட வெகு நாளாயிற்று. யாராவது "வலி கீது" என்றால், "கீதுன்னா என்ன? இருக்குதா, இருந்துச்சா?" என்று அதற்கும் ஒரு கேள்வி வரும்.

எனக்கு அவர்கள் அறிமுகமானது அறுபதுகளின் நடுவில், என் வாழ்க்கையின் மிகக் கெட்ட வாரத்தில். என் கணவர் கஜேந்திரன் சுரங்கத்தில் பாறையில் துளைபோடும் மிஷின்காரர். அப்போது இராத்திரி ஷிஃப்ட். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தானாக வெடித்துச் சிதறுவதுண்டு; நாங்கள் அதை ஏர் பிளாஸ்ட் என்போம். அன்று இராத்திரி அப்படி ஒன்று வெடித்ததில், மேலே எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் கடகடவென்று ஆடின. கோரமண்டல் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சுரங்க வாயான ஷாஃப்ட்டை நோக்கி ஓடினோம். ஆட்களை மேலே ஏற்றிவரும் கேஜிலிருந்து இறக்கியவர்களில் இவரும் இருந்தார். இடது விலா எலும்புகள் நொறுங்கி, நுரையீரலில் குத்தியிருந்தன.

நெஞ்சில் குழாய் வைத்து, கையில் குளுக்கோஸ் ஏற்றி, சீரியஸ் வார்டில் போட்டார்கள். உயிர் தப்பிவிட்டது, இனி காயம் ஆறினால் போதும் என்று நான் நினைத்தேன். ஆனால் மனுஷன் தூங்கவில்லை. ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. கண் இரண்டும் சிவந்து, என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தார். பிறகு உளற ஆரம்பித்தார். "பெல் அடிங்கடா, மேல போலாம்!" என்று கத்திக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். ஒரு தடவை நெஞ்சுக் குழாயைப் பிடித்து இழுத்தே விட்டார். அதைத் திரும்ப வைப்பதற்குள் உதடு நீலம் பாரித்துப் போயிற்று.

"தூங்க ஊசி போடுங்களேன்!" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "நேத்து கொஞ்சம் போட்டுப் பார்த்தேன் டீச்சர். மூச்சும் சேர்ந்து தூங்கப் போயிடுச்சு. இருக்கிற நுரையீரலுக்கு அது தாங்காது. இன்னொரு தரம் குழாயப் பிடுங்கினாலும் தாங்காது. மருந்து இல்லாம இவரத் தூங்க வைக்கணும்" என்றார்கள். "எப்படி?" என்றேன். "தெரியலையே" என்றார்கள். ஒரு டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முதலில் அவர்கள் செய்தது எல்லா டாக்டர்களும் செய்வதுதான். வார்டில் ஓசையே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நர்சுகள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்கள். பேசுவதென்றால் காதோடு காதாக. என்னை வராந்தாவுக்கு விரட்டினார்கள். அந்த அமைதியில் இவர் தூங்குவார் என்று பார்த்தால், நிலைமை முன்னைவிட மோசமாயிற்று. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேற்கூரையைப் பார்த்தபடி வியர்த்துக் கொட்டினார். கையைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று. அதை ஜன்னல் வழியே பார்த்தபோது, இந்த அம்மாளும் வேண்டாம், இந்த ஆஸ்பத்திரியும் வேண்டாம், வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. வழியிலேயே உயிர் போய்விடும் என்று தலைமை நர்ஸ் சொன்னதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் காலையில் பக்கத்து அறைக் கதவு சரியாக மூடவில்லை என்று தச்சர் ஒருவர் வந்தார். அவருக்கு எந்த உத்தரவும் தெரியாது. டம் டம் என்று ஆணி அடிக்கத் தொடங்கினார். தலைமை நர்ஸ் பதறிக்கொண்டு ஓடி, அவர் கையிலிருந்த சுத்தியலையே பிடித்துவிட்டார். சத்தம் நின்றது. அதே நேரம் சீரியஸ் வார்டிலிருந்து "பெல் அடிங்கடா!" என்று இவர் குரல். கட்டில் பக்கத்தில் நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா விடுவிடுவென்று வெளியே வந்தார்கள்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"நான் நிறுத்தலீங்க. இந்தம்மாதான்..." என்றார் தச்சர்.

"அடிங்க. இப்போதான் கண்ண மூடினாரு. நீங்க நிறுத்தினதும் முழிச்சுக்கிட்டாரு."

"ஆணி ஆயிப்போச்சே டாக்டரம்மா."

"ஆணி இல்லாட்டி என்ன? சும்மா கட்டையில அடிங்க!"

தச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்த அம்மாளுக்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் அவர் ஒரு பழைய கட்டையைத் தேடி எடுத்து அடிக்க, உள்ளே இவருடைய தலை தலையணையில் சாய்ந்தது. கொஞ்ச நேரம்தான். இருந்தாலும் சாய்ந்தது.

டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, வீட்டில் இவர் எப்படித் தூங்குவார் என்று விசாரணை. எந்தப் பக்கம் படுப்பார், போர்த்திக்கொள்வாரா, கூட யார் இருப்பார்கள், குறட்டை உண்டா? வெட்கமும் எரிச்சலும் எனக்குத் தாங்கவில்லை. "உயிருக்குப் போராடினு கீறாரு, குறட்டையப் பத்திக் கேக்கறீங்களே!" என்று கத்திவிட்டேன். "போராடுறதுனாலதான் கேக்குறேன். சொல்லுங்க" என்றார்கள், கொஞ்சமும் அசராமல்.

சொன்னேன். இராத்திரி ஷிஃப்ட் என்பதால் காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். எங்களுடையது ஒற்றை அறை. வெளியே குழாயடிச் சண்டை, அடுத்த வீட்டில் அரைக்கிற சத்தம், ஞாயிற்றுக்கிழமையானால் என் வாய். அத்தனைக்கும் அசையமாட்டார். திடீரென்று எல்லாம் ஓய்ந்து போனால்தான் விழித்துக்கொண்டு, "இன்னாச்சு வசந்தா?" என்று கேட்பார்.

"ஏன்?" என்றார்கள் டாக்டரம்மா.

"எனக்கு இன்னா தெரியும்? அப்படித்தான்."

"அப்படித்தான்னு ஒண்ணும் கிடையாது டீச்சர். வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொது வார்டுக்குப் போனார்கள். அங்கே கால் முறிந்து படுத்திருந்தார் அந்தோணி அண்ணன், இவருடைய கேங்கில் மூத்தவர். "கீழே வேலை செய்யிற இடத்துல சத்தமே இல்லன்னா என்ன அர்த்தம்?" என்று அவரிடம் கேட்டார்கள். அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

"மிஷின நிறுத்திட்டு அல்லாரும் வாய மூடினு நின்னா, பாறை பேசுதான்னு கேக்கறோம்னு அர்த்தம்மா. வெடிக்கறதுக்கு முன்னால படபடன்னு ஒரு சத்தம் குடுக்கும். அது காதுல வுழுந்தா ஓடணும். பெல் அடிச்சுக் கேஜ வரவழைச்சு மேல ஏறணும். அந்த நேரத்துல எவனுக்கும்மா தூக்கம் வரும்?"

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார்கள். முகம் வெளுத்துப் போயிற்று. "நாங்க எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு, மூச்சு விடாம, அவரச் சுத்தி நின்னோம்" என்றார்கள். "பாறை வெடிக்கப் போகுதுன்னு நாங்களே அவருக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்." அடுத்த நிமிஷமே கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. புதுக் கணக்கு கிடைத்த பிள்ளைபோல அவர்கள் வார்டுக்குத் திரும்பி நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அன்றே எல்லாம் மாறியது. பகல்தான் அவருக்கு இராத்திரி என்று சொல்லி, காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். நர்சுகள் அதுவரை ஊசிக்கு ஒரு தரம், காய்ச்சல் பார்க்க ஒரு தரம், துடைத்துவிட ஒரு தரம் என்று வந்து வந்து எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனையையும் ஒரே வேளையில் முடித்துவிட வேண்டும், நடுவில் மூச்சையும் நாடியையும் மட்டும் எழுப்பாமல் பார்க்க வேண்டும் என்றார்கள் டாக்டரம்மா. கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். தலைமை நர்ஸ் முடியவே முடியாது என்றார். "பிடுங்கினா நான் பொறுப்பு. அவர் கைய டீச்சர் பிடிச்சுக்குவாங்க" என்று பதில் வந்தது. என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "வீட்டுல என்ன செய்வீங்களோ அதச் செய்யுங்க" என்றார்கள்.

வீட்டில் என்ன செய்வேன்? அரிசி புடைப்பேன், யாரையாவது திட்டுவேன். வார்டு ஆயாவிடம் முறமும் கொஞ்சம் அரிசியும் வாங்கினேன். மடியில் முறத்தை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டு, இடது கையால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, பால்காரன் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி ஆயாவிடம் உரக்கப் புலம்ப ஆரம்பித்தேன். இவர் ஒரு முறை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் கைக்குள் அவர் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. பிறகு, அப்பாடா, அந்தக் குறட்டை! கல்யாணமான நாளிலிருந்து நான் சபித்த அதே குறட்டை. பேச்சை நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ என்று பயந்து, பால்காரன் குடும்பத்தில் ஒருவரையும் பாக்கி வைக்காமல் திட்டித் தீர்த்தேன்.

சாயங்காலம் கண் விழித்து, "பசிக்குது வசந்தா. இன்னா கொழம்பு?" என்றார். நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். டாக்டரம்மா கதவருகே நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

குழாயை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. வந்தவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் பெயரையும், இது ஆஸ்பத்திரி என்பதையும், இன்றைக்கு என்ன கிழமை என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. கொஞ்சம் தேறியதும், தூங்கும் நேரத்தை நாளுக்கு நாள் தள்ளித் தள்ளி, எல்லோரையும்போல் இராத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் கம்பளி போய், காலை வெயிலில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நான் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தி, "தூங்கினதால பிழைச்சாரா, பிழைக்கப் போறவர்ங்கிறதால தூங்கினாரா, எனக்குத் தெரியாது டீச்சர். அதையும் பார்க்கணும்" என்றார்கள். ஒரு நன்றியைக்கூடக் கேள்வி கேட்காமல் வாங்கமாட்டார்களே என்று எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு சீரியஸ் வார்டில் யார் வந்தாலும் உறவுக்காரர்களிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஷிஃப்ட், வீட்டில் எப்படித் தூங்குவார் என்பதுதான். சில நர்சுகள் சத்தம்தான் மருந்து என்று நினைத்துக்கொண்டு, ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் பக்கத்தில் வாளியை உருட்டியிருக்கிறார்கள். அவர் வீட்டில் கடிகாரம்கூட ஓடாதாம்! டாக்டரம்மா அவர்களைத் திட்டவில்லை. "கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்களாம். பாவம், சிலர் தூங்கியும் பிழைக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் அவர்கள் யாரோடும் பேசாமல் பேத்தமங்களா ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள் என்று கார் ஓட்டுபவர் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். எங்கள் வீட்டில் இருப்பது புத்தர் படம். சர்ச் வழக்கம் எங்களுக்குத் தெரியாது. ஓரமாக நிற்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கல்லறை மேட்டில் வண்டி ஏறாதென்று கீழேயே நிறுத்தி, பெட்டியைத் தோளில் எடுத்தார்கள். இவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய், ஒருவரை விலக்கிவிட்டு இடது தோளைக் கொடுத்தார். மழை வந்தால் இன்றைக்கும் வலிக்கிற பக்கம் அது. பக்கத்தில் ஓடி, "இந்தத் தோள் வேணாங்க, அந்தப் பக்கம் போங்க" என்றேன்.

"இருக்கட்டும் வசந்தா. இதுதான் அவுங்க குடுத்தது" என்றார்.

மேடு முழுக்கத் தோள் மாற்றவில்லை. பெட்டியை இறக்கிய பின், பக்கத்திலிருந்த மண்குவியலில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். இரண்டு பக்கமும் நிறைய, ஏறி இறங்கும் பெரிய மூச்சு. பாதிரியார் ஜெபம் செய்துகொண்டிருந்தார். என் காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. டாக்டரம்மா, இவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் உங்கள்மேல் ஒரு பிடி மண் போட்டேன்.