நாற்காலியிலிருந்து மட்டும் தெரியும் போர்டு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், ஆக்டிங் டிரைவர் செல்வம், பார்க்கிங்கில் ரசீது போடும் சரசக்கா, பார்க்கிங் முதலாளி. மொத்தம் ஐந்து பேர். ஆறாவதாக ஒரு மஞ்சள் பூட்டு – எங்கள் காரின் முன்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு.

எதற்கு இப்படி ஆஜர் எடுக்கிறாய் என்று கேட்பீர்கள். மறுநாள் காலை எங்கள் ஊர் மங்கலத்தில் பால் வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மா கேட்டார்: "ஏனுங்க, திருப்பூர்ல உங்களுக்கும் பத்துப் பேருக்கும் அடிதடியாமா?" அடிதடியும் இல்லை, பத்துப் பேரும் இல்லை. ஐந்து பேர்தான். அதிலும் என் வீட்டுக்காரரை அரை ஆளாகத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

அவருக்கு அன்றைக்குக் கண் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்துக்கு எதிரே நிற்பது ஆளா, தூணா என்று தெரியாது. எனக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டே பிரேக்கை மிதிக்கிற ரகம் நான். அதனால் கொழுந்தனாரின் காரை இரவல் வாங்கி, செல்வத்தை ஒரு நாளைக்குக் கூப்பிட்டுக்கொண்டோம். செல்வத்துக்குச் சாத்தான்குளம் பக்கம். ஒரு நாள் சம்பளம் தொள்ளாயிரம்.

ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த இடமில்லை. பக்கத்திலேயே ஒரு தனியார் பார்க்கிங். வாசலில் பெரிய பச்சை போர்டு: 'கார் பார்க்கிங். முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதன்பின் மணிக்கு ரூ.20.'

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனவள் நான். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒரு பயம் உண்டு. எழுத்து எங்கே இருந்தாலும், அதில் நம்மை மாட்டிவிட ஏதோ இருக்கிறது என்று தோன்றும். அதனால் எதையும் இரண்டு தடவை படிப்பேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட. அந்தப் பச்சை போர்டையும் இரண்டு தடவை படித்தேன், சத்தமாகவே. "நல்லாத்தான் போட்டிருக்குது. உள்ள விடுங்க செல்வம்" என்று சொன்னதும் நான்தான்.

மூன்று மணி நேரம் கழித்து மூன்று பேரும் வந்து பார்த்தால் – பூட்டு.

"ரசீது வாங்காம நிறுத்திப் போட்டீங்களே" என்றார் சரசக்கா. "அறுநூறு ரூவாங்க."

"மணிக்கு இருவதுன்னுதானுங்களே போட்டிருக்குது? மொத மணி இலவசம். மிச்சம் ரெண்டு மணிக்கு நாப்பதுதானுங்க?"

"அது ரசீது போட்டவீங்களுக்குங்க. வந்தவொடனே ரூமுக்கு வந்து ரசீது போடோணும். போடலைன்னா பூட்டு, அறுநூறு. அதா, போர்டு வெச்சிருக்கறமே!"

எங்கே? திரும்பிப் பார்த்தேன். மைதானத்தின் நடுவே ஒரு இரும்புக் கம்பம், அதில் ஒரு தகரம். அதில் மங்கிப்போன எழுத்தில், 'நிட்டிங் – ஜாப் ஒர்க் எடுக்கப்படும்'. உள்ளே வரும்போது இதையும்தான் படித்தேன் – இரண்டு தடவை. ஏதோ பனியன் துணி பின்னிக் கொடுத்த காலத்துப் பழைய போர்டு, எடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால்... ரசீது, பூட்டு, அறுநூறு, அத்தனையும் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று இருக்கிறது! உள்ளே வருகிறவர்களுக்குத் தெரிவது அதன் முதுகு.

இரவல் வண்டி. சக்கரத்தில் கீறல் விழுந்திருந்தால்? கொழுந்தனாருக்கு போன் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஃபைனா? அதைய டிரைவர் சம்பளத்துல புடிச்சுக்குங்க நங்கையா. எல்லாப் பக்கமும் அப்படித்தான்." நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணி.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், செல்வம் தன் பாக்கெட்டிலிருந்து அறுநூறை எடுத்துக் கொடுத்துவிட்டார். சரசக்கா ரசீதையும் கிழித்துவிட்டார்.

"எதுக்குங்க செல்வம் குடுத்தீங்க?"

"விடுங்கக்கா. வண்டிய நிப்பாட்டுனது நாந்தான? எங்க போனாலும் இது டிரைவர் தலையிலதான் விழும். அண்ணாச்சிக்கு வேற கண்ணு கூசுது. கெளம்புவோம்."

தொள்ளாயிரத்தில் அறுநூறு போனால் மிச்சம் முந்நூறு. ஒரு நாள் பூராவும் எங்களுக்காக ஒதுக்கிய மனுஷன். போர்டை மாட்டியது ஒருவர். 'உள்ளே விடுங்க' என்றது இன்னொருத்தி. பணம் கட்டுவது செல்வமா? இது என்ன நியாயம்?

"முதலாளியப் பாக்கோணுமுங்க" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

முதலாளி ரூமிலிருந்து எழுந்தே வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நம் ஊர்ச் சண்டையைக் கவனித்திருக்கிறீர்களா? கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும்.

"போர்டு வெச்சாச்சுங்க அம்மணி. படிக்காம வந்தா நாங்க என்னங்க பண்றது?"

"வெச்சது தப்புன்னு சொல்லலீங்க. எந்தப் பக்கம் பாத்து வெச்சீங்கன்னுதானுங்க கேக்கறேன்."

"நல்லாத் தெரியற பக்கந்தானுங்க!"

"எனக்குத் தெரியலீங்களே!"

பெண்பிள்ளையிடம் பேசி ஆகாது என்று நினைத்தாரோ என்னவோ, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. போர்டு தெரியுதுங்களா, இல்லீங்களா?"

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த என் வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு இப்ப நீங்களே தெரியலீங்க."

சரசக்கா வாயைப் பொத்திக்கொண்டு ரூமுக்குள் ஓடிவிட்டார்.

நான் வெயிலில் நின்று முந்தானையால் விசிறிக்கொள்வதை முதலாளி பார்த்திருக்க வேண்டும். சண்டையை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு, "மொதல்ல உக்காருங்க அம்மணி. சரசா, தண்ணி குடு" என்று ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அவருடையது. அதில் உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்தேன்.

அட!

ஜன்னலுக்கு நேரே போர்டு. ஓர் எழுத்து விடாமல் தெரிகிறது. ரசீது, பூட்டு, அறுநூறு... மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. நல்லாத் தெரியற பக்கந்தான்!

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆச்சரியம்தான் மிச்சம். "இந்த போர்டை மாட்டறப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சரசக்கா முந்திக்கொண்டார். "இங்கதானுங்க உக்காந்திருந்தாரு! பெயிண்டரு அக்கட்டால கம்பத்தைப் புடிச்சுட்டு நிக்கறாரு. இவரு இங்கிருந்து 'இன்னுஞ் சித்தத் திருப்பு, இன்னுஞ் சித்தத் திருப்பு'ங்கறாரு. எழுத்து நல்லாத் தெரியற வரைக்கும் அந்தாளை உடலையே!"

முதலாளி சரசக்காவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் போர்டைப் பார்த்தார்.

"ஒரே ஒரு சுத்து எங்க வண்டியில வர்றீங்களா? வெளிய போயி, வாசல் வழியா உள்ள வரலாம். நீங்களே போர்டைப் படிங்க."

இதைச் சொன்னது நான்தானா? எனக்கே சந்தேகமாக இருந்தது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டால், பயப்பட மறந்துபோகிறது.

பூட்டைக் கழற்றினார்கள். என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, முதலாளி முன்சீட்டில் ஏறினார். செல்வம் ஒரு சுற்றுப் போய், ரோட்டிலிருந்து வாசலுக்குத் திருப்பினார். பச்சை போர்டை முதலாளி சத்தமாகப் படித்தார். வண்டி உள்ளே நுழைந்தது. அவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"நிட்டிங்... ஜாப் ஒர்க் எடுக்கப்படும்" என்று படித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

செல்வம் முகத்தைத் துளிகூட மாற்றாமல் கேட்டார்: "எத்தன மெஷின் ஓடுது மொதலாளி?"

முதலாளி அந்தத் தகரத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு முதலாளியே சிரித்துவிட்டார். "எல்லாம் வித்தாச்சுங்க தம்பி. தகரம் நல்லா இருந்துச்சு, மறுபக்கம் எழுதிப் போட்டேன்."

ரூமுக்குத் திரும்பினோம். நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் ஜன்னலைக் காட்டினார். "ஏனுங்க, அங்க செவப்பா என்னமோ எழுதியிருக்குதுங்களா? இங்கிருந்து எனக்கே தெரியுது!"

அதற்கு மேல் முதலாளி என்ன சொல்வார்? "போர்டு தப்புதானுங்க அம்மணி. நாப்பதுதான் ஆகுது. ஆனா போட்ட ரசீதைக் கேன்சல் பண்றதில்லீங்க. மிச்சம் ஐநூத்தி அறுவதை அடுத்த தடவை கழிச்சுக்கலாம்."

பனியன் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. துணியில் ஓட்டை விழுந்தாலும் சரி, தையல் கோணிக்கொண்டாலும் சரி, யாரும் காசைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள். செக்கிங்கில் வேலை பார்த்த காலத்தில் காது புளிக்கக் கேட்ட வார்த்தை. அந்தப் பழக்கத்தில், ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஆகட்டுங்க" என்று தலையாட்டிவிட்டேன். டீ வரவழைத்தார். குடித்தோம். "போயிட்டு வாங்க" என்று வாசல் வரை வந்தார். வெற்றி!

மங்கலம் ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகு என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அடுத்த தடவைன்னா... எந்தக் காருல?"

எங்களிடம் கார் இல்லை.

செல்வம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். அவர் கட்டிய அறுநூறையும், சம்பளம் தொள்ளாயிரத்தையும் சேர்த்து நீட்டினேன்.

"ஐயோ, வேண்டாங்கக்கா. பாதியாவது எங் கணக்குல வைங்க."

"போர்டைப் படிச்சுச் சொன்னது நானுங்க. நீங்க எதுக்குப் பாதி குடுக்கறீங்க?"

"வாங்கிக்குங்க செல்வம்" என்றார் வீட்டுக்காரர். "இல்லீன்னா ராத்திரி பூராப் பொலம்பிட்டே கெடப்பா. கண்ணு போனாலும் காது நல்லாத்தான் கேக்குது எனக்கு."

வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து எந்த போர்டைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். இதை வைத்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? நான் வேலை பார்த்த கம்பெனியில் 'தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் கட்' என்ற நோட்டீஸ் சூப்பர்வைசர் கேபினுக்குள் ஒட்டியிருந்தது. தாமதமாக வந்து, உள்ளே கூப்பிட்டுத் திட்டு வாங்கும்போதுதான் அதைப் படிக்க முடியும்! சரி, ஊரைச் சொல்வானேன்? வீட்டுக்காரர் எந்த நேரத்துக்கு எந்தச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று எழுதி, நான் அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். அவர் அடுப்படிப் பக்கம் வருவதே இல்லை. "எழுதி வெச்சும் பாக்கலியா?" என்று நாலு நாளாக அவரோடு சண்டை வேறு.

மறுபரிசோதனைக்குப் போனபோது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். போர்டு வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நாற்காலியிலிருந்து இப்போது தெரிவது 'ஜாப் ஒர்க்' பக்கம்.

"இப்பத் தெரியுதுங்களா அம்மணி?" என்றார் முதலாளி, பெருமையாக.

"எல்லாரும் வந்தவொடனே ரசீது வாங்கிப் போடறாங்க" என்றார் சரசக்கா. "பூட்டு துருப்புடிச்சுக் கெடக்குதுங்க."

மெதுவாக என் பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அதுக்கென்னங்க, கழிச்சுக்கலாம். வண்டி எங்கீங்க?"

"டவுன் பஸ்ஸுலதானுங்க வந்தோம்."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பஸ்ஸைய உள்ள உட முடியாதுங்களே!"

டீ மட்டும் வந்தது.

திருப்பூருக்குக் கண் காட்டப் போகிறவர்கள் யாராவது இருந்தால், என் பெயரைச் சொல்லி வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். ரசீது போட மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இன்றைய தேதி வரை எனக்கு வரவேண்டியது – ரூபாய் ஐந்நூற்று அறுபது.