நீல அணியும் ஒரு பை கச்சானும்

ஜூலையில் ரொறன்ரோவுக்குப் போய்க் கார் ரேஸ் பார்க்க என்ன வழி, எவ்வளவு செலவு முடியும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் போனது ஒரே ஒரு முறை, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ரேஸ் பிடிக்காது. காது கிழியச் சத்தம் போட்டுச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் வெளிக்கிட்ட இடத்திலேயே வந்து நிற்பதற்கு எதற்கு ரிக்கெற் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. போனது தம்பி ரஞ்சனுக்காக. ஆகவே இதில் வழியும் செலவும் இருக்கும், அவன் கதையும் இருக்கும்.

ரஞ்சனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்துகொண்டு ஒரு கராச்சில், அதாவது வாகனம் திருத்துகிற கடையில், ரயர் மாற்றிக்கொண்டிருந்தான். ஊரில் கொக்குவிலில் மெக்கானிக். யுத்தத்தால் பெற்றோல் வராத காலத்தில் கார்களை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய கூட்டத்தில் இவனும் ஒருவன். முந்தைய வருடம் ஓர் அமெரிக்க ரேஸ் அணியின் பெரிய லொறி அஜக்ஸ் பக்கம் 401 நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றுபோனபோது, இவனைத்தான் கராச் முதலாளி அனுப்பினார். லொறி ஓடியது. அணியின் தலைமை மெக்கானிக் டேல் என்பவருக்கு இவனைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஜூலையில் ரொறன்ரோ ரேஸுக்கு வரும்போது எங்களோடு நின்று வேலை செய், சரிவந்தால் ஒஹையோவில் நிரந்தர வேலை, அமெரிக்காவில் வேலை செய்ய உனக்கு வேண்டிய பேப்பர்களை எங்கள் வக்கீல் பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். சரிவராவிட்டால் திரும்பவும் பேஸ்மென்றும் ரயரும் பனிக்காலத்தில் விறைத்த விரல்களும்தான். ஒரு வருடம் முழுக்க இவன் தொலைபேசியில் வேறு கதை கதைக்கவில்லை.

நான் மொன்றியலில் இருந்து வியாழன் காலை பஸ் எடுத்தேன். ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், கிங்ஸ்ரனில் நின்று போக ஏழு மணித்தியாலம். போய்வர எழுபது டொலருக்குக் கிட்ட முடிந்தது. ரயில் வசதி, ஆனால் என் சம்பளத்துக்கு அது எட்டாது. பஸ்ஸில் யன்னல் பக்கம் கேளுங்கள், கழிவறைக்குப் பக்கத்தில் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அவன் விடியவே ஓடிவிட்டான். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறதாம், அதற்கு முன்னம் அந்த அணியில் முதல் வேலையில் கைவைத்துவிட வேண்டுமாம். இரண்டு கடிகாரம் பார்த்துக்கொண்டு போனான். பின்னேரம் கருத்துக் களைத்து வந்து, "டேல் முதுகிலை தட்டினவர் அக்கா" என்று மட்டும் சொன்னான். அப்படி மலர்ந்த முகத்தை ஊரைவிட்டு வந்த பிறகு நான் அன்றுதான் கண்டேன்.

சனிக்கிழமைக்கு எனக்கும் ஒரு பாஸ் வாங்கி வைத்திருந்தான். வெறுங்கையோடு போவதா என்று பிரச்சினை. நான் ரோல்ஸ் வாங்கச் சொன்னேன்.

"அவங்களுக்கு உறைக்கும் அக்கா. பிறகு கக்கூசுக்கு ஓடினா ஆர் கார் பாக்கிறது?"

"அப்ப கேக் வாங்கு."

"கேக் அவங்கள் காணாததே? கச்சான் வாங்குவம். திருவிழாவுக்குக் கச்சான் இல்லாமல் ஆரும் போறதே?"

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: கச்சான் என்றால் வேர்க்கடலை. எங்கள் ஊரில் கோயில் திருவிழா என்றால் கோதோடு, அதாவது ஓட்டோடு, வறுத்த கச்சான்தான். ஷெப்பேர்ட் வீதித் தமிழ்க் கடையில், இளஞ்சூடாக, ஒரு பெரிய கடதாசிப் பை நிறைய வாங்கினான்.

வழி இதுதான். ஷெப்பேர்ட் பஸ்ஸில் யங் வீதி சுரங்க ரயில், புளோரில் மாறி பதர்ஸ்ற், அங்கேயிருந்து தெற்கே கண்காட்சி மைதானம்வரை வீதித் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம், இரண்டு டொலர். மாற்றச் சீட்டு எடுக்க மறக்காதீர்கள், மறந்தால் இன்னுமோர் இரண்டு டொலர் அழவேண்டும். ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஏரிக்கரை வீதியை மறித்துக் கொங்கிறீற் சுவர் அடுக்கி, கம்பிவலை போட்டு, சனம் அன்றாடம் வேலைக்குப் போகிற தெருவையே ரேஸ் பாதையாக்கியிருந்தார்கள்.

அணியின் பெயரைப் போடமாட்டேன். ரஞ்சனும் நானும் நீலக்காரர் என்றுதான் சொல்வோம். கார், லொறி, சேர்ட் எல்லாமே நீலம். ஓட்டுபவரின் தலை மட்டும் வெளியே தெரிகிற, கூரையில்லாத, சக்கரச் சில்லெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற ஒற்றை ஆசனக் கார். அதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இதற்குள் பெற்ற பிள்ளையை யாராவது ஏற்றுவார்களா?

ஏற்றியிருக்கிறார்கள். அதைச் சொன்னவர் பொப். ரயர் பொறுப்பாளர், அறுபது வயது, தொடக்கத்தில் இருந்தே அங்கே வேலை. மதியச் சாப்பாட்டு நேரம் ரயர் அடுக்கின்மேல் இருந்து சான்ட்விச் தின்றுகொண்டு அணியின் வரலாற்றை எனக்குச் சொன்னார். அணியின் முதலாளிக் கிழவர் ஒஹையோவில் ஒரு சிற்றூரில் உழவு இயந்திரம் திருத்துகிறவராம். முதல் காரை வைக்கோல் கொட்டிலுக்குள் தன் கையாலேயே ஒட்டி எடுத்தாராம். மண் பாதைகளில் ஓடி, வென்ற பணம் வீடு திரும்பப் பெற்றோலுக்கு மட்டும் போதுமாயிருக்க, அப்போது அணியில் இருந்த நாலு பேரும் லொறிக்குள்ளேயே படுத்தார்களாம். பிறகு உலகம் மாறி எஞ்சினைக் காரின் முன்னுக்கிருந்து பின்னுக்குக் கொண்டுபோனபோது, பழைய அணிகள் பல மூட, கிழவர் காணியில் பாதியை விற்று ஈடுகொடுத்தாராம். இந்தியானாவில் நடக்கிற அந்தப் பெரிய ஐந்நூறு மைல் ரேஸில் ஒருமுறை கடைசிச் சுற்றுகள்வரை முன்னுக்கு ஓடி, எஞ்சின் வெடித்ததாம். அதைப் போன கிழமை நடந்ததுபோலச் சொல்லித் தலையில் கைவைத்தார்.

பிறகு கிழவரின் மூத்த மகன் ஓட்டத் தொடங்கினான். ஒரு பயிற்சியின்போது சுவரில் மோதி அங்கேயே முடிந்தது. ஒரு வருடம் கொட்டில் பூட்டிக் கிடந்து, பிறகு திறந்தார்கள். சிகரெட் கொம்பனி பணம் கொடுத்தது, சில வெற்றிகள் வந்தன. சிகரெட் போய் பியர் வந்தது, பியரும் போனது. இப்போது இந்த விளையாட்டை நடத்துகிற பெரிய தலைகள் தங்களுக்குள் அடிபட்டு, ரேஸே இரண்டாகப் பிரியப்போகிறதாம். சின்ன அணிகளைப் பார்க்க ஆளில்லை. காரில் ஒரு கொம்பனியின் பெயரும் இல்லாமல் வெறும் நீலமாகக் கிடந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் ரஞ்சனைக் காட்டி, இவன் பயப்படத் தேவையில்லை, எங்கள் கராச்சில் பழகியவனுக்கு எந்த அணியிலும் கதவு திறக்கும் என்றார்.

அந்த நேரம்தான் ரஞ்சன் மேசைக்குக் கீழிருந்து கச்சான் பையை எடுத்து வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, எல்லாருக்கும் நடுவில் விரித்தான்.

பொப் சான்ட்விச்சைக் கீழே வைத்தார். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. டேல் வந்து பையின் வாயை முறுக்கிக் கட்டி, கையை நீட்டித் தன் உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு வெளியே போனார். இன்னொருவர் தும்புத்தடி எடுத்து நிலத்தைக் கூட்டினார், ஒரு கோதுகூட விழாத நிலத்தை. நீலக் காரை ஓட்டுகிற இளம் பொடியன் ஹெல்மெற்றைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். பழைய காலத்தில் எங்கேயோ நொருங்கிய ஒரு காருக்குள் கச்சான் கோது கிடந்ததாம். அன்றிலிருந்து அமெரிக்க ரேஸ் கராச் ஒன்றுக்குள்ளும் கோதோடு கச்சான் வரக்கூடாதாம். கிழவரின் மகன் இறந்த அன்றும் யாரோ விருந்தாளி கச்சான் தின்றுகொண்டு நின்றதாகப் பொப் தணிந்த குரலில் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் முதல் நாள்தான் ராகுகாலத்துக்குப் பயந்து விடியவே ஓடினவனின் அக்கா நான். எந்த வாயால் சிரிக்கிறது?

"எனக்கு ஆரும் சொல்லேல்லையே அக்கா" என்றான் ரஞ்சன்.

"சொல்லாட்டி உனக்கு எப்பிடித் தெரியும்? விடு. கச்சானுக்குப் பயப்பிடுற சனமும் உலகத்திலை இருக்கெண்டு ஆர் கண்டது!"

பின்னேரம் முழுக்க அவனை யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. கையைத் துடைத்த துணியாலேயே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றான். போகும்போது டேல், நாளைக்கு வா, ஆனால் காருக்குக் கிட்ட வராதே என்றார். வேலை போய்விட்டது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஞாயிறு நல்ல வெயில். நான் நாற்பத்தைந்து டொலர் ரிக்கெற்றில் மரப்படிக்கட்டில் இருந்தேன், ரஞ்சன் அணியின் பக்கம் சுவருக்குப் பின்னால். முப்பதாவது சுற்றளவில் இருக்கும். ஏரிக்கரை நேர்வீதியின் முடிவில் எல்லாக் காரும் வலப்பக்கம் திரும்ப, நீலக் கார் மட்டும் திரும்பவில்லை. அது நேரே போய்ச் சுவரில் மோதிய சத்தத்தை எழுதத் தெரியவில்லை. ஓடிவந்தவர்கள் காருக்குமேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நெருப்பையே காணோம், ஏன் ஊற்றுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். இந்தக் கார்களின் எரிபொருள் எரிந்தால் வெயிலில் நெருப்புத் தெரியாதாம். தெரியாத நெருப்புக்குள் ஒரு தாயின் பிள்ளை இருந்தான். கடவுளே, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பொடியனின் உயிர் தப்பியது. இரண்டு கால்களும் நசிந்துபோய்விட்டன. இனிமேல் ஓட்டமாட்டான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நான் தேடிப் போனபோது ரஞ்சன் ரயர் அடுக்குகளுக்கு நடுவில் குந்திக்கொண்டிருந்தான். ஊரில் யுத்தத்தின்போது செல்லடிக்கு நடுவில் சடலம் தூக்கினவன், அன்று நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை லொறியில் சாமான் ஏற்ற உதவிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். பொப் இவனைக் கண்டதும் மறுபக்கத்தால் சுற்றிப் போனார். எல்லாம் ஏற்றி முடிந்தபின், அதுவரை எங்களோடு ஒரு வார்த்தை பேசாத முதலாளிக் கிழவர் தடியூன்றிக்கொண்டு வந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்த முகம். என் மகனைக் கொன்றது சுவர், கச்சான் இல்லை, இந்தப் பொடியனும் மோதியது சுவரில்தான் என்றார். உன் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, பாஸ்போட் பிரதி ஒன்று தா, இன்றைக்கே வக்கீலிடம் கொடுக்கிறேன் என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரஞ்சன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓமெண்டு சொல்லடா!"

"ஏலாது அக்கா."

"விசரா, உனக்கு மண்டை கழண்டுபோச்சே? அந்தாளே பெரிய மனசோடை வந்து கேக்குது!"

"நான் போய் இன்னொருத்தன்ரை காலும் போகவேணுமே? என்னைப் பாத்தாலே அவங்களுக்குப் பயமாக் கிடக்கு. எனக்கும் என்னைப் பாக்கப் பயமாக் கிடக்கு."

கிழவருக்கு நன்றி சொல்லி, முடியாது என்று தலையாட்டினான். அவர் அவன் தோளில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு லொறிகள் மேற்கே போய்விட்டன. நான் அன்று பின்னேர பஸ்ஸில் மொன்றியல் திரும்பினேன்.

இனிப் போகிறவர்களுக்கு. காதடைப்பான் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், உள்ளே விலை நாலு மடங்கு. படிக்கட்டில் நிழல் இல்லை, தொப்பி வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள், அவர்களுக்குச் சத்தம் தாங்காது, காணக்கூடாததையும் காணலாம். காரில் போகாதீர்கள், நிறுத்த இடமில்லை. நேர்வீதியின் முடிவில் இருக்கும் இருக்கைகள்தான் சிறந்தவை என்று விற்பார்கள், நான் வாங்கமாட்டேன். அடுத்தவர் வேலை செய்கிற இடத்துக்கு அன்போடு எதையாவது கொண்டுபோவதென்றால், அங்கே எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தை மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் ரஞ்சன் தொலைபேசி எடுத்தான். டேல் இவன் வேலை செய்கிற கராச்சுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தாராம்.

"உடைஞ்ச சாமானைச் சோதிச்சுப் பாத்தவையாம். சில்லைப் பிடிச்சிருக்கிற தண்டிலை முந்தின ரேஸிலேயே வெடிப்பு விழுந்திருக்காம். இஞ்சை வரேக்குள்ளையே அது உடையிறதுக்குத்தான் இருந்ததாம்."

நான் துள்ளிக் குதித்தேன். "பாத்தியே! நான் அண்டைக்கே சொன்னனான்! கச்சானும் மண்ணாங்கட்டியும்!"

"கிழவர் எல்லாத்தையும் வித்து மூடிட்டாராம் அக்கா. டேல் வேறை ரீமுக்குப் போறாராம். எங்கடை நீல ரீமிலை நிண்ட எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறாராம்."

"நீயும் கேக்கிறதுதானே?"

"கேட்டனான். அமெரிக்கப் பேப்பர் இருக்கிறாக்களைத்தான் எடுக்கலாமாம். ஜூலையிலை கிழவரிட்டைப் பாஸ்போட் பிரதியைக் குடுத்திருந்தா இப்ப என்ரை பேப்பரும் வந்திருக்குமாம்."

"அதை விடு ராசா. உன்னாலை இல்லை எண்டு தெரிஞ்சிட்டுது. அது காணும்."

"ஓம்" என்றான். "அப்ப நான் போயிருக்கலாம், என்ன அக்கா?"