ஒன்பதாவது கிளிப்

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் ஒரு வியாழக்கிழமை. விமானம் மூன்றே முக்காலுக்கு. சித்திதான் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தாள். பெட்டியோடு வாசலில் நின்றால், அவளுடைய வேன் ஏற்கெனவே ஆறு பேரோடு வந்து நின்றது. டயாலிசிஸுக்குப் போகும் அவர்களை ஒவ்வொருவராக மருத்துவமனை வாசலில் கைபிடித்து இறக்கி, உள்ளே அவரவர் நாற்காலியில் உட்காரும்வரை நின்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் விமான நிலையம். கடைசி ஆளாக ஓடிப்போய் ஏறினேன். "பிளேன் போனா அடுத்த பிளேன் வரும்டி. மெஷின் போனா வராது," என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே வேன், அதே செவ்வாய், வியாழன், சனி. எனக்கு வீட்டில் ஒரு வாரம்கூட உட்கார முடியவில்லை. முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நாற்பத்தெட்டு வயது. சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்பட்டபோது, வாடகை வண்டிக்காரர்கள் அவருடைய வாந்திக்குப் பயந்து ஏற்ற மறுத்தார்கள். கோபத்தில் வேன் வாங்கி, கோபத்திலேயே ஓட்டக் கற்றுக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். சித்தப்பா போன பிறகும் அவர்கள் இருந்தார்கள். வேன் நிற்கவில்லை.

அந்த வேனில் ஒன்பது மஞ்சள் கிளிப்புகள் இருக்கும். துணி காயப்போடுகிற சாதாரண கிளிப்தான். டயாலிசிஸுக்காக நெஞ்சில் குழாய் வைத்திருப்பவர்களுக்கு சீட் பெல்ட் அழுத்தினால் உயிர் போகும். சித்தி பெல்ட்டைத் தளர்வாக இழுத்து, அது திரும்ப உள்ளே ஓடிவிடாமல் மேலே ஒரு கிளிப்பை மாட்டிவிடுவாள். இறங்கும்போது சட்டையில் மாட்டிக்கொண்டு கிளிப்பும் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றிலும் தன் போன் நம்பரை மார்க்கரால் எழுதிவைத்திருந்தாள். சாயங்காலம் எல்லாரையும் வீட்டில் விட்டதும் ஒன்பதும் இருக்கிறதா என்று பார்த்து ஒரு டப்பாவில் போடுவாள். "என் நகைப்பெட்டி," என்பாள்.

வேனுக்கு வயதாகிவிட்டது. தரைத் தகடு துருப்பிடித்து, ஓடும்போது ரோடு தெரிந்தது. அடுத்த மாதம் தகுதிச் சோதனை. போன தடவை சோதித்த அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் இத இங்க கொண்டுவந்து என்னைச் சங்கடப்படுத்தாதீங்க," என்றிருந்தார். ஒரு மாதத்துக்குள் வேறு வண்டி கிடைக்காவிட்டால் ஆறு பேரும் வாரம் மூன்று முறை யாரிடம் போய் நிற்பார்கள்? வேனிலும் அதே பேச்சுதான். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

விளம்பரத்தைக் கண்டுபிடித்தது நான்தான். பதினான்கு சீட் வேன். ஒரே உரிமையாளர், ஒரு டாக்டர். ஒரு கீறல் கிடையாது. பழைய வண்டியையும் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கடைக்குப் போனோம். மதியம் ஒன்றரைக்கு முதல் வீட்டில் இருக்கவேண்டும். இரண்டு மணிக்கு மெஷின். கடையிலிருந்து முதல் வீடு முக்கால் மணி நேரம். நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் வாசலுக்கே வந்தார். "வாங்க மேடம், உக்காருங்க மேடம். உங்க வண்டிச் சாவியும் ஆர்.சி. புத்தகமும் குடுத்தீங்கன்னா, நீங்க காபி குடிக்கிறதுக்குள்ள மதிப்புப் போட்டுடுவாங்க."

சித்தி யோசித்தாள். நான்தான், "குடு சித்தி, எல்லா இடத்துலயும் இப்படித்தான்," என்றேன். உலகம் சுற்றியவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று கொடுத்துவிட்டாள்.

வெள்ளை வேன் பளபளவென்று நின்றது. உள்ளே ரோஜா வாசனை மூக்கை அடைத்தது. கண்ணாடியில் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வாசனை அட்டைகள் தொங்கின.

"டாக்டர் எதுக்குங்க பதினாலு சீட் வேன் வெச்சிருந்தாரு?" என்றாள் சித்தி.

"பெரிய குடும்பம், மேடம்."

"அப்ப வைத்தியமெல்லாம் வீட்டுக்குள்ளயே முடிஞ்சிருக்கும்."

அவர் அளவுக்கு மீறிச் சிரித்தார். சித்தி ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. படியில் ஏறி இறங்கினாள், தன் ஆறு பேரைப்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறிப் பார்த்தாள். பிறகு எங்கள் பழைய வேன் எங்கே என்று கேட்டாள். பக்கத்து யார்டில் பார்க்கிறார்கள், இதோ வந்துவிடும் என்றார்.

பதினொன்றரைக்கும் வரவில்லை. விலை பேசுவதற்காக அவர் ஒவ்வொரு தடவையும், "மேனேஜர்கிட்ட உங்களுக்காகச் சண்டை போட்டுட்டு வரேன்," என்று கண்ணாடி அறைக்குள் போனார். எனக்கு அந்த அறை நேராகத் தெரிந்தது. மேனேஜர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். நமக்காகச் சண்டை போடுகிறவர் நின்றபடி பிஸ்கட் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு வியர்த்தவர்போல வெளியே வந்தார். இப்போது சித்தி மேடத்திலிருந்து அக்காவாகியிருந்தாள்.

"அக்கா, உங்களுக்காக ஒத்துக்கிட்டாரு. ஆனா இப்பவே கையெழுத்துப் போடணும். அதோ பாருங்க."

தொப்பி போட்ட ஒருவர் வெள்ளை வேனைச் சுற்றிவந்து, "நான் ரொக்கமாவே தரேன், உடனே எடுக்கறேன்," என்று போனில் யாரிடமோ எங்கள் காது கேட்கப் பேசினார். இரண்டு முறை சுற்றினார். பிறகு கடையின் பின்பக்கக் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனார்.

பன்னிரண்டே கால். சித்தியின் போனில் மலையண்ணன். மலை என்பது அவர் உடம்புக்கு வைத்த பெயர். வேனில் கடைசி வரிசை ஜன்னலோரம் அவருடையது. "கால் வீங்கிக் கெடக்கு. படுத்தா மூச்சு வாங்குது. இன்னிக்கு லேட் ஆகாதுல்ல?"

"நான் என்னைக்கு லேட்டா வந்தேன்? சட்டையப் போட்டுட்டு உக்காருங்க," என்றாள்.

"கடைசியா ஒரு தடவ உள்ள உக்காந்து பாக்கறேன்," என்று எழுந்தாள். நானும் கூடவே ஏறினேன். கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலையண்ணனுக்கு பெல்ட் நுனிவரை வந்தால்தான் பூட்டும். அதனால் அதைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். சாம்பல் நிற பெல்ட், புதுசுபோல வந்துகொண்டேயிருந்தது. கடைசி இரண்டு சாண் வந்தபோது நிறம் மாறியது. ஒரு நேர்கோடு. அதற்கு அப்புறம் முழுக்கச் சேற்று நிறம். சித்தி நகத்தால் சுரண்டினாள். மடியில் களிமண் பொடியாக உதிர்ந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆற்றங்கரைப் பகுதி முழுக்க வெள்ளத்தில் முங்கியிருந்ததை அப்போது வேற்று நாட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தது ஞாபகம் வந்தது. டாக்டரின் வேன் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. என்ஜினைக் கழுவினார்கள், விரிப்பை மாற்றினார்கள், ரோஜாவைத் தொங்கவிட்டார்கள். பெல்ட்டை யாரும் கடைசிவரை இழுக்கவில்லை.

வாயைத் திறந்தேன். சித்தி என் தொடையைக் கிள்ளினாள். "மூச்சு விடாத. சாவி அவன்கிட்ட இருக்கு."

பையிலிருந்து ஒரு மஞ்சள் கிளிப்பை எடுத்து, பழக்கதோஷத்தில் செய்வதுபோல பெல்ட்டின் மேலே மாட்டினாள். நீண்டு கிடந்த பெல்ட்டை சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளிவிட்டு இறங்கினாள்.

"வண்டி புடிச்சிருக்கு தம்பி. என் வண்டியக் கொண்டுவரச் சொல்லுங்க. போய்ட்டு சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடறேன்."

அவர் முகத்தில் வருத்தம் வந்தது. அதையும் பயிற்சி செய்திருப்பார்போல. "அங்கதான் ஒரு சிக்கல்க்கா. உங்க வண்டிய ஒரு பார்ட்டி இப்பத்தான் எடுத்துட்டாங்க. அட்வான்ஸ் வாங்கியாச்சு. இனி திருப்ப முடியாது. நீங்க இதுல கையெழுத்துப் போட்டு இதையே ஓட்டிட்டுப் போங்களேன்?"

பன்னிரண்டு நாற்பது. போலீஸுக்குப் போன் போடலாம். வந்து விசாரித்து எழுதி முடிப்பதற்குள் இரண்டு மணி தாண்டிவிடும். சித்தி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தலையை மெல்ல ஆட்டினாள்.

"சரி. விதி. ஆனா என் சாமான்லாம் அந்த வண்டில இருக்கு. எடுத்து இதுல வெச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"நம்ம பசங்க எடுத்து வெச்சிடுவாங்கக்கா."

"தாராளமா. கையுறை போட்டுக்கச் சொல்லுங்க. வாந்தி எடுக்கற பேசின் இருக்கு, கழுவல. ரத்தம் பட்ட துணி ஒரு மூட்டை இருக்கு. ஊசி ஏதாவது கெடந்தா குத்திக்கப் போறாங்க, பாவம். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

உண்மையில் சித்தியின் வேனில் சாப்பாடே போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அவருக்கு அது தெரியாது. யாருக்கோ போன் செய்தார். ஐந்து நிமிடத்தில், விற்றுவிட்டதாகச் சொன்ன எங்கள் வேன் வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, மூக்கைச் சுளித்தபடி குதித்து இறங்கினான்.

"பின்கதவு சாவி போட்டாத்தான் திறக்கும்," என்று சித்தி கையை நீட்டினாள். அவன் சாவியை இரண்டு விரலால் கொடுத்தான்.

சித்தி பின்கதவைத் திறந்து பேசினை எடுத்தாள். டைக்காரரின் பாலிஷ் போட்ட ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் இரண்டடி பின்னால் போனார். கதவைச் சாத்தினாள், அவசரப்படாமல் முன்பக்கம் நடந்தாள், ஏறினாள்.

"புத்தகத்த வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடு," என்றாள் என்னிடம். "எத்தன நாட்டு எல்லையில நின்னு பேசியிருப்ப. இது என்ன பெரிசு."

"சித்தி!"

வேன் நகர்ந்துவிட்டது. தொப்பிக்காரர் கடையின் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்து வழியில் நின்றார். சித்தி ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, பிரேக்கிலும் கால் வைக்கவில்லை. அவர் துள்ளி ஒதுங்கினார். மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.

"ஏம்மா, என்ன விளையாட்டா?" டைக்காரரின் குரலில் மேடமும் இல்லை, அக்காவும் இல்லை. "கையெழுத்துப் போடாம புத்தகம் கிடையாது. போய் அவங்களக் கூட்டிட்டு வா." புத்தகத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

நான் போகவில்லை. பேசினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசலை ஒட்டிய சோபாவில் உட்கார்ந்தேன். பேசின் எனக்கே தேவைப்படும்போல இருந்தது. என்னைச் சுற்றி மூன்று ஆண்கள் நின்றார்கள். தொப்பிக்காரர் இப்போது தொப்பி இல்லாமல், கடைக்காரர்களில் ஒருவராக நின்றார்.

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். "வாங்க மேடம், உங்க வண்டிச் சாவியும் புத்தகமும்..." என்று ஆரம்பித்தார் டைக்காரர்.

"குடுக்காதீங்க," என்றேன். "எங்களோடதக் குடுத்தோம். இன்னும் வாங்க முடியல. காலையிலேருந்து உக்காந்திருக்கேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள். கணவன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அடுத்து ஒரு பெரியவர் வந்தார். அவரிடமும் அதே இரண்டு வரி. மூன்றாவதாக வந்த குடும்பம் வாசல் தாண்டி உள்ளேயே வரவில்லை. அப்போது கண்ணாடி அறைக் கதவு திறந்தது. மேனேஜர் வந்து மேசை டிராயரைத் திறந்து புத்தகத்தை எடுத்து, என் பேசினுக்குள் போட்டார்.

"கிளம்பு," என்றார். அவர் பேசி நான் கேட்ட ஒரே வார்த்தை.

மருத்துவமனைக்குப் போனபோது இரண்டரை. மலையண்ணன் மெஷினோடு இணைக்கப்பட்டுப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்க சித்தி ஒம்பது நிமிஷம் லேட்டு. வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவேன்," என்றார். சித்தி நடைபாதை பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை மடியில் வைத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. பேசினைத்தான் முதலில் வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டப்பாவில் எட்டுக் கிளிப்தான் இருந்தது.

"ஒண்ணு அந்த வேன்லயே விட்டுட்ட சித்தி."

"ஆமால்ல," என்று டப்பாவை மூடினாள்.

ஒரு வெல்டர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக்கிடந்து தரைக்கு இரும்புத் தகடு அடித்துக் கொடுத்தார். அதே அதிகாரி ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வருடம் என்று முத்திரை குத்தினார். அந்த வருடம் முடிவதற்குள் ஒரு பள்ளிக்கூடம் விற்ற வேனை வாங்கினோம். சித்தி அதன் பதினான்கு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பார்த்தாள். கூட நின்ற பள்ளிக்கூட வாட்ச்மேன் கொட்டாவி விட்டார்.

அந்தப் புது வேனில் போய்க்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை சித்தியின் போன் ஒலித்தது. வெள்ளை வேனைப் பார்த்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். "யாருன்னு பாரு," என்றாள். தெரியாத எண். ஒரு படம்: மஞ்சள் கிளிப், மங்கிப்போன மார்க்கர் எழுத்து. கீழே ஒரு செய்தி. பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி படித்தேன்.

"வணக்கம். நீங்க யாருன்னு தெரியல, இந்த நம்பர் கிளிப்ல இருந்துச்சு. ஒரு வேன் வாங்கப் போனோம். எங்க அம்மா எப்பவும் கடைசி சீட்ல ஜன்னலோரம்தான் உக்காருவாங்க. பெல்ட்டைத் தேடினா சீட் இடுக்குல முழுசா இழுத்துக் கெடந்துச்சு. மண்ணைப் பாத்துட்டோம். வாங்கல. கிளிப்பை எடுத்துட்டு வரலாம்னு பாத்தேன், அம்மாதான் அது அங்கயே இருக்கட்டும்னாங்க. மறுபடி மாட்டிட்டு வந்துட்டோம்."