திங்கட்கிழமைக் காகிதக் கட்டு

ஞாயிறு, காலை 10.20. மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து சிவகாசி பஸ் கிளம்பியது. கட்டணம் இருபத்து மூன்று ரூபாய். தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மடியில் பை, பைக்குள் ஒரு காகிதக் கட்டு. மலேசியாவில் தைப்பிங்கிலிருந்து அதை மடியைவிட்டு இறக்காமலே கொண்டுவந்திருந்தேன். 2003ஆம் ஆண்டு அது. எனக்குப் பத்தொன்பது வயது. சிவகாசியில் அச்சுத் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்திருந்தது. என் தோழிகள் லண்டன், மெல்பர்ன் என்று போனார்கள். நான் சிவகாசி என்றதும், காலண்டரில் அடியில் போட்டிருக்கும் ஊர்தானே என்று கேட்டார்கள். அதே ஊர்தான்.

அப்பா தைப்பிங்கில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர். எங்கள் ஊரில் பெரும்பாலும் மாலையானால் மழை பிடித்துக்கொள்ளும். காகிதம் நமத்துப்போவதைத் தவிர அப்பாவுக்கு உலகத்தில் வேறு பயம் கிடையாது. என் சான்றிதழ்களை அச்சுப் பிசகிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மேலே கழிவுத் தாள் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். உள்ளே மூன்றே காகிதங்கள்: என் புகைப்படம் ஒட்டி முத்திரை குத்திய கல்லூரி அனுமதிக் கடிதம், லேமினேட் செய்த பள்ளித் தேர்வுச் சான்றிதழ், தலைமையாசிரியை கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ். பாஸ்போர்ட் தனியாகக் கைப்பையில் இருந்தது.

விருதுநகர் தாண்டியதும் இருபுறமும் சீமைக் கருவேலமும் வெடித்த கரிசலும்தான். ஒரு பச்சை வயல்கூட இல்லையே, இங்கே மழை எப்போது வரும் என்று கண்டக்டரிடம் கேட்டுவைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தீபாவளி சீசனில் மழை பெய்தால் வெடி காயாது, வேலை கிடையாது, கூலி கிடையாது, அதனால் இப்போதைக்கு அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனார்.

பகல் 12.45. கல்லூரி ஏற்பாடு செய்திருந்த வீடு. வீட்டுக்கார அம்மாள் பெயர் ஜெயக்கொடி, நாற்பது வயதிருக்கும். அவருடைய கணவர் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். மாடியில் ஓர் அறை, மாத வாடகை அறுநூறு ரூபாய். "சாப்பிட்டீகளா?" என்றுதான் முதலில் கேட்டார், பெயரைப் பிறகுதான் கேட்டார். நான் பேசிய தமிழைக் கேட்டு, பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அறையில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் புத்தி உடனே வேலை செய்தது. ஈரத் தரையில் காகிதம் வைக்கலாமா? மாடிப்படிக்குக் கீழே பார்த்தேன். அங்கே சணல் கயிறு கட்டிய காகிதக் கட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. இந்த வீட்டில் காகிதத்தை வைக்கும் காய்ந்த இடம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, என் கட்டையும் உச்சியில் வைத்தேன். அப்பாவின் பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கள். முதல் நாள் வெறும் அறிமுகம்தான் என்றதால் கட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. கல்லூரி அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா, எப்போது இந்தியா வந்தீர்கள் என்று கேட்டார். சென்னையில் உறவினர் வீட்டில் காய்ச்சலில் படுத்து, பத்து நாள் போய்விட்டது என்றேன். அவர் விரல் விட்டு எண்ணினார். வெளிநாட்டு மாணவர்கள் பதினான்கு நாளுக்குள் விருதுநகர் மாவட்டக் காவல் அலுவலகத்தில் பதிய வேண்டும். எனக்குப் புதன்கிழமை கடைசி நாள். அனுமதிக் கடிதத்தின் அசல் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது, தவறினால் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள், நாளைக்கே போய்விடுங்கள் என்றார். அசல் பத்திரமாக இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாலை 4.30. படிக்குக் கீழே தரை தெரிந்தது. ஒரு கட்டுகூட இல்லை.

ஜெயக்கொடி அக்காவிடம் ஓடினேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"படிக்கு அடியிலயா வச்சீக? அங்கன இருக்கதெல்லாம் வெடிக்குக் குழாய் உருட்டுற தாளுல்லா. திங்கக்கிழமைன்னா முத்துமாரி வந்து தூக்கிட்டுப் போயிருவாளே."

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அச்சகத்தில் மிஞ்சும் தாள்களை அக்காவின் கணவர் கட்டிக் கொண்டுவருவார். பக்கத்து ஊரான விஸ்வநத்தத்தில் இருக்கும் முத்துமாரி வாரம் ஒருமுறை எடுத்துப்போய், கீற்றாக வெட்டி, பசை தடவி, விரல் நீளக் குழாயாக உருட்டுவார். அந்த வெற்றுக் குழாய்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும். வெடிமருந்து அங்கேதான் நிரப்புவார்கள். அப்பா கட்டிய கட்டுக்கும் அந்தக் கட்டுகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அச்சுக்காரர்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் முடிச்சுப் போடுவார்கள் போலிருக்கிறது.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கையோடு வந்தார். ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். அந்த நான்கு கிலோமீட்டரில் நான் திரும்பிப் போகும் விமானத்தில் ஏறி, தைப்பிங்கில் இறங்கி, அப்பாவுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதுவரை மனதில் நடத்தி முடித்துவிட்டேன். அவர் திட்டமாட்டார். கட்டு நனைந்துவிட்டதா என்றுதான் கேட்பார். அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

முத்துமாரி வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய், பிற்பகலில் திரும்பி, மீதிப் பொழுதில் இந்த வேலை. பக்கத்தில் பசைக் கிண்ணம், கையில் இரும்புக் கம்பி. கம்பியில் தாளைச் சுற்றி, பலகையால் ஒரு தள்ளு. குழாய் உருண்டு விழுந்தது. குவியலில் ஒன்றை எடுத்தேன். அதன்மேல் மலாய் எழுத்து இருந்தது. எங்கள் பள்ளியின் பெயரில் பாதி, தலைமையாசிரியையின் கையெழுத்தில் வால் மட்டும். நன்னடத்தை போயிற்று, மற்ற இரண்டும் போயிருக்கும் என்று நினைத்தேன்.

அக்கா விஷயத்தைச் சொன்னார். முத்துமாரி என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். காலண்டர் முருகன், லட்சுமி, சோப்பு விளம்பரத்துப் பெண், யாரோ ஒரு கல்யாண ஜோடி. அவற்றுக்கு நடுவில் முத்திரை குத்திய என் கடிதமும், அதில் முழித்துக்கொண்டிருந்த நானும். லேமினேட் செய்த சான்றிதழும் கீழே கிடந்தது. அது வளையவில்லை, அதனால் எடுத்துவைத்ததாகச் சொன்னார்.

"மூஞ்சி இருக்க தாளை நான் உருட்ட மாட்டேன்க்கா. சாமி மூஞ்சின்னாலும் சரி, மனுச மூஞ்சின்னாலும் சரி."

உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். நன்றி சொல்வதற்குப் பதிலாக, ஏன் முகம் மட்டும் என்று கேட்டுவிட்டேன்.

அவர் கம்பியைத் துடைத்தபடி சொன்னார். "மூணு வருசத்துக்கு முன்னாடி ஷெட்டு தீப்பிடிச்சதுல எங்க அக்கா போயிட்டா. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அடுத்த மாசம் பழைய பேப்பரு லோடு வந்தப்ப, அந்தப் பேப்பரும் எங்கிட்டயே உருட்ட வந்துச்சு. பாதி சுத்துன பெறகுதான் பாத்தேன்."

ஜெயக்கொடி அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அது புதுச் செய்தி என்று திரும்பும் வழியில் சொன்னார். இத்தனை வருடம் தாள் கொடுத்தும் கேட்டதில்லையாம். கிளம்பும்போது முத்துமாரி குவியலில் தேடி, மலாய் எழுத்துள்ள எட்டுக் குழாய்களைப் பொறுக்கி ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்தார். உருட்டியதைப் பிரிக்க முடியாது, மன்னிச்சுக்கோங்க என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

செவ்வாய். விருதுநகருக்கு இருபத்தேழு கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். காவல் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அதிகாரி கடிதத்தில் இருந்த முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்ததும், முந்தின நாள் மதியம் முதல் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது வயிற்றுக்கு ஞாபகம் வந்தது. எண்ணெயில் பொரித்த புரோட்டா நான்கு, சால்னா மூன்று முறை. எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்று சொல்லும் புரோட்டாவை யாராவது இப்படிப் பொரித்தால் கடைக்காரரைக் கோபித்துக்கொள்வேன். அன்றைக்கு அதைவிட ருசியான பொருள் உலகத்தில் இல்லை.

புதன். கல்லூரிக் குமாஸ்தா மீதிச் சான்றிதழ்களைக் கேட்டார். நன்னடத்தைச் சான்றிதழ் எங்கே என்றதும், எட்டுக் குழாய்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். வேறு எந்த ஊர் அலுவலகத்திலும் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். அவர் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"கை நல்ல கை. யாரு உருட்டுனது?"

சொன்னேன். தலையாட்டிவிட்டு, பள்ளிக்கு எழுதி இன்னொரு பிரதி வாங்கித் தர ஒரு மாதம் அவகாசம் என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டார். குழாய்களை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே கட்டு நனையவில்லையே என்றுதான் கேட்டார். இங்கே மழையே கிடையாது அப்பா, ஒரு சொட்டுகூட நனையவில்லை என்றேன். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. மிச்சத்தை ஊருக்கு வரும்போது சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த திங்கள், காலை நாலேகால். கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன்பே கட்டுகளை எடுத்துப்போக முத்துமாரி வந்தார். நான் மூன்றரைக்கே எழுந்து படிக்குக் கீழே உட்கார்ந்து, எல்லாக் கட்டுகளையும் பிரித்து மறுபடி கட்டியிருந்தேன். அப்பாவின் முடிச்சுத்தான். அவற்றிலிருந்து எடுத்துவைத்த, முகம் உள்ள பதினோரு தாள்கள் என் அறையில் இருந்தன. முகம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அவர் முதல் கட்டின் கயிற்றில் விரலை விட்டுத் தாள்களை விலக்கப் போனார்.

"பாத்துட்டேன்க்கா" என்றேன்.

கயிற்றிலிருந்து விரலை எடுத்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கட்டுகளைப் பிரிக்காமலே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.