அக்கா எண்ணிய கணுக்கள்

என் அக்கா நகராட்சியில் தெருக் கூட்டுகிறாள். நீதிமன்றத்தை ஒட்டிய மேலத் தெருவும் கீழத் தெருவும் பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. துடைப்பத்தின் பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் தனியாகக் காட்டுக்குப் போகக்கூடாது என்று கூடவே வந்தாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தாவரவியல். வனத்துறையில் ஆறு மாத ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. எப்போதோ அழகுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கொன்றை காட்டுக்குள் புகுந்து, தன் கீழே புல்லைக்கூட வளரவிடாமல் பரவிக்கொண்டிருந்தது. அதை அடையாளம் கண்டு, அடிமரத்தில் சிவப்பு வட்டம் போடுவது என் வேலை. வட்டத்திலிருந்து தரைவரை மேஸ்திரியின் ஆட்கள் பட்டையை உரிப்பார்கள். மரம் நின்றபடியே காய்ந்துவிடும்.

இருநூற்றுப் பதினான்கு மரங்களுக்கு வட்டம் போட்டுவிட்டேன். கோடைத் தொடக்கம். எதிலும் இலை இல்லை, பூ இன்னும் வரவில்லை. பைனாகுலரில் நீளமான கறுத்த காய் தெரிந்தால் வட்டம். முந்தின நாள், நான் எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்தபோது ஒரு காய் மட்டும் தடியாக இருந்ததுபோல் பட்டது. இந்த மண்ணின் சரக்கொன்றைக்கும் நீளக் காய்தான், ஆனால் தடித்த காய். அங்கே சரக்கொன்றை இருக்காது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். எதை வைத்து? தெரியவில்லை. திங்கட்கிழமை காலை பட்டை உரிக்க ஆள் வருகிறது; அதற்குள் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தாக வேண்டும்.

"ஏன்டி வந்ததுலேருந்து அண்ணாந்தே பாக்கறே? கழுத்து புடிச்சுக்கப் போவுது."

"காய் மேலதானே இருக்கு, அக்கா."

"கொட்டினதெல்லாம் கீழதானே இருக்கு."

குந்தி உட்கார்ந்து ஒரு கைப்பிடி சருகை அள்ளினாள். இலைகளை ஊதித் தள்ளிவிட்டு, மிஞ்சிய காய்ந்த காம்புகளை உள்ளங்கையில் வரிசையாக அடுக்கினாள். ஒன்றை எடுத்து நகத்தால் நெருடினாள்.

"இது மேலத் தெரு மரம். மழை வந்தா இந்தக் குச்சிதான் சாக்கடைக் கம்பியில குறுக்கால படுத்துக்கும். கையவிட்டு எடுத்து எடுத்து எனக்கு அத்துப்படி. பாரு, ஜோடி ஜோடியா கணு. பதிமூணு ஜோடி."

பத்தடி தள்ளி இன்னொரு மரம். அதற்கும் என் வட்டம். அங்கேயும் அள்ளினாள்.

"இது அது இல்லடி. எல்லாத்துலயும் அஞ்சு, ஆறு ஜோடிதான். இது கீழத் தெரு மரம். காய் நசுங்கினா பிசுபிசுன்னு துடைப்பத்துல ஒட்டிக்கும், சனியன்."

சிற்றிலைகள் உதிர்ந்தாலும் அவை ஒட்டியிருந்த தழும்புகள் காம்பில் இருந்தன. பத்து ஜோடிக்கு மேல் மஞ்சள் கொன்றை, எட்டுக்குள் சரக்கொன்றை. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். இலையில்லாத மரத்தின் அடியில் அதே பாடம் கொட்டிக் கிடக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"காத்துல பக்கத்து மரத்துக் குச்சி வந்திருந்தா?"

"இலைதான் பறக்கும். குச்சி அவ்வளவு தூரம் போவாது. ஒண்ண நம்பாத, கையளவு அள்ளி எண்ணு."

மதியத்துக்குள் காடு வேறாகிவிட்டது. அவள் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். "மேலத் தெரு. மேலத் தெரு. கீழத் தெரு." நான் பின்னாலேயே பைனாகுலரால் காயைச் சரிபார்த்தேன். அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொரு மரமும் தன் பெயரைத் தன் காலடியிலேயே போட்டு வைத்திருக்கிறது. அதன் மேல் மிதித்து நடந்துதான் நான் வட்டம் போட்டிருக்கிறேன்.

இருநூற்றுப் பதினான்கில் பதினேழு மரங்களுக்குத் தப்பாக வட்டம் போட்டிருந்தேன். அந்தப் பதினேழில் கடைசி மரத்தடியில் உட்கார்ந்தோம்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகலாம். இந்தப் பட்டியலப் பாத்துதான் ஒப்பந்தத்த நீட்டிப்பாங்க."

"சொல்லலன்னா?"

"மரம் போயிடும்."

"அப்புறம் என்னடி யோசனை? வேலை போனா வேற வேலை. உரிச்ச பட்டைய ஒட்டவா முடியும்?"

வனச்சரக அதிகாரியைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டார். பிறகு, "பதினேழுக்கும் வட்டத்து மேல கறுப்பு அடிச்சிடும்மா. உன் வேலையப் பத்தி அப்புறம் பேசலாம். உங்க அக்காவால நாளைக்கு வரமுடியுமா? இன்னும் வட்டம் போடாத பகுதியையும் பாத்துடலாம்" என்றார்.

"நாளைக்கு எனக்கு டூட்டி" என்றாள் அக்கா, போனுக்குக் கேட்கும்படி. "அங்க சாக்கடை அடைச்சுக்கிட்டுக் கெடக்கும். அடுத்த ஞாயித்துக்கிழமைன்னா வரேன்."

பையிலிருந்த கறுப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். தூரிகை வட்டத்தைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மரத்தில் கைவைத்து அன்றைக்கு முதல்முறையாக அண்ணாந்தாள். அவள் தெருவில் கரண்ட் கம்பிக்காக வருடா வருடம் மரங்களின் தலையைக் கழித்துவிடுவார்கள்.

வெகுநேரம் கழுத்தைக் கீழே இறக்கவில்லை.

"விட்டா இவ்வளவு உயரம் போகுமாடி இது?" என்றாள்.