காரையாற்றில் விசிலடித்தவன்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைத்து எழுந்ததில்லை. காலையில் அம்மா அப்பாவை வைய ஆரம்பித்தால், எல்லார் வீட்டிலும் அடுப்பு பற்றிவிடும். அப்படிப்பட்ட அம்மா, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், வாயை மூடிக்கொண்டாள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். காயம் ஆறிவிட்டது, ஆள்தான் திரும்பி வரவில்லை. சாம்பாரில் உப்பே இல்லை என்று நான் வேண்டுமென்றே சொல்வேன். “சரி” என்பாள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, ஈர வேட்டியைக் கட்டிலில் போட்டுப் பார்த்தார். அதை எடுத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கல்லூரிக்குப் போகிற நானும் பள்ளிக்கூடம் போகிற தங்கச்சியும் திட்டு வாங்குவதற்காக வீட்டுக்குள் அலைந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் போன அம்மா பிழைப்பாளா என்று எங்களுக்கு உள்ளுக்குள் உதறல்.

“உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான். எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்” என்றார் டாக்டர். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே ‘எங்கேயாவது’ மேற்கே மலைக்காட்டுக்குள் இருக்கிற காரையாறுதான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலைச் சுற்றி, காட்டுக்குள் ஓலைக்குடிசை போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். போனோம். அம்மா அங்கேயும் சுவருக்குப் பதிலாக மரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், கூட்டம் வருவதற்குள், பெண்கள் நாங்கள் மூன்று பேரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். அப்பா துண்டுகளோடு தடத்துத் திருப்பத்தில் முதுகைக் காட்டிக் காவலுக்கு நின்றார். இடுப்பளவுத் தண்ணீர், பல் கிட்டுகிற குளிர்.

அப்போது கேட்டது அந்த விசில். பாட்டு மறந்துபோன சோம்பேறிப் பயல் ஒருவன் இழுத்து இழுத்து அடிப்பது போல, பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது.

தங்கச்சி கழுத்துவரை முங்கிக்கொண்டாள். நான் கையால் மாரை மறைத்துக்கொண்டேன். மறுபடியும் விசில்.

“எவம்லே அது?”

அடேயப்பா, அம்மா!

“ஏலே, செத்த மூதி! பொம்பளையாளுவ குளிக்கிற எடத்துல என்னலே விசிலு? நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலியாலே? வெளிய வாலே, வாரியல் பிஞ்சிரும்!”

பதிலுக்கு ஒரு விசில், முன்னைவிட நீளமாக.

“எதுத்து வேற அடிக்கியோ!” ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா பாறைமேல் ஏறிவிட்டாள். “எம்மா, வழுக்கும்!” என்று கத்திக்கொண்டே நாங்கள் பின்னால் ஏறினோம்.

அந்தப் பக்கம் ஆளே இல்லை. பாசிமேல் ஒரு பறவை இருந்தது. காக்கையைவிடச் சின்னது, கன்னங்கரேலென்ற உடம்பு, தோளில் மட்டும் பளபளவென்று நீலம். அம்மாவை நேருக்கு நேர் பார்த்து, வாயைத் திறந்து, நிதானமாக விசிலடித்தது.

அம்மா வாயடைத்து நின்றாள். போச்சு, மறுபடியும் உள்ளே போய்விட்டாள் என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

“ஏட்டி,” என்றாள் பைய, “இத்தனூண்டு உடம்ப வச்சிக்கிட்டு என்ன கொழுப்புப் பாரேன்!”

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு பாறையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நாங்களும் கிறுக்குப் பிடித்தாற்போல் சிரித்தோம்.

திரும்பி வரும்போது அம்மா காட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பாதி தின்ற பழத்தைத் தலையில் போட்ட கருமந்திக்கு, “வீட்டுல வளத்த லெச்சணமாலே இது?” தன்னைவிட நீளமான வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்த மலை அணிலுக்கு, “அதச் சுருட்டி வச்சாத்தான் என்ன?” காலில் ஏறிய அட்டைக்குச் சொன்னதை அச்சில் போட முடியாது. இப்போது, காட்டில் நடந்தால் மனசுக்கு நல்லது என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பே எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஒரே மரத்தை வரிசையாக நட்ட பூங்காவாக இருந்திருந்தால் அம்மா வாயைத் திறந்திருக்க மாட்டாள். இத்தனை விதமான உயிர்கள் வந்து வம்பிழுத்ததால்தான் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் நிறுத்திய இடத்திலேயே அப்பா இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“பொண்டாட்டி தொண்ட கிழியக் கத்துதாளே, என்ன ஏதுன்னு ஒரு கொரல் குடுக்கத் தோணிச்சா ஒங்களுக்கு? காவலுக்கு நிக்கியளாம், காவலுக்கு!”

அப்பா திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்து, மீசை நனைந்திருந்தது. துண்டை நீட்டினார்.

“ஏளா, நிறுத்தாத,” என்றார். “இன்னுங் கொஞ்சம் வையி.”